பழைய வண்டியும் பழைய நினைவும்



இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்டிருப்பது, பிறர் ஓட்டிய பெரிய மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்குவதைப் பற்றி. தோட்டத்துச் செம்மண் பாதையில் காலையும் மாலையும் ஓடுகிற கப்சாய் வண்டியைச் சொல்லவில்லை. 'சூப்பர்பைக்' என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கண் விரியச் சொல்கிறார்களே, அந்த வண்டியைச் சொல்கிறோம். இது ஆண்பிள்ளைகள் சமாச்சாரம் என்று தாய்மார்கள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட வேண்டாம். நாங்கள் சொல்லப்போகும் விஷயத்தில் ஒரு தாயின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடை வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறது.

அந்தத் தாய் எங்கள் அக்காள். அவருடைய மகன், எங்கள் மருமகன், பத்து பாகாட்டுக்கு அருகே ஸ்ரீ காடிங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். எங்கள் தலைமுறையில் தோட்டத்தை விட்டு வெளியே போனவர்கள் கொஞ்சப் பேர். அவன் தலைமுறையில் தோட்டத்தில் தங்கியவர்கள்தான் கொஞ்சப் பேர். பையன் சூதாடமாட்டான், குடிக்கமாட்டான். மூன்று வருஷமாகச் சேர்த்த பணம் ஒன்பதாயிரம் வெள்ளி கையில் இருந்தது. அவன் பார்த்து வைத்திருந்த வண்டிக்கு விலை பதினாலாயிரம். மீதி ஐயாயிரத்துக்காகத்தான் அக்காளின் சங்கிலியைப் பற்றிய பேச்சு எழுந்தது.

பையனுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், குற்றவாளிகள் நாங்களே. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

எங்கள் தந்தையார் யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். அவர் சொந்தமாக வைத்திருந்தது ஒரு மிதிவண்டிதான். ஆனால் மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றால் உயிர். சிங்கப்பூரில் தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை பந்தயம் நடந்தது. அதற்கென்று தனித் தடம் கிடையாது. மக்கள் போய் வருகிற சாலையையே அடைத்துவிட்டு, அதில் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓடவிட்டார்கள். வளைந்து வளைந்து போகும் ஒரு பகுதிக்குப் 'பாம்புகள்' என்றும், இன்னொரு திருப்பத்துக்குச் 'சாத்தான் வளைவு' என்றும் பெயர். தோட்டத்து ஆட்கள் சிலர் சேர்ந்து லாரி பிடித்துப் பாலம் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்களாம். சாத்தான் வளைவைத் தந்தையார் கையால் காற்றில் வரைந்து காட்டுவார். நாங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்போம். உயிர்ச்சேதம் மிகுந்துபோனதால் அந்தப் பந்தயம் 1973ஆம் ஆண்டோடு நின்றது. அந்தப் பகுதியை மட்டும் அவர் கதையில் சொன்னதே இல்லை.

நம்முடைய ஜொகூருக்கும் இதில் பழைய சொந்தம் உண்டு. 1940லேயே ஜொகூர் பாரு பட்டணத்துச் சாலைகளில் பந்தயம் நடந்திருக்கிறது. போருக்குப் பிறகு 1960களில் மறுபடியும் நடந்தது. 1968ல் சிலாங்கூரில் பத்து தீகா தடம் திறந்தார்கள். 1986ல் பாசிர் கூடாங்கில் ஜொகூர் தடம் வந்தது. உலக வெற்றியாளர் போட்டியின் சுற்று 1991ல் முதன்முதலாக மலேசியாவுக்கு வந்து, ஷா ஆலத்தில் அந்தப் பத்து தீகா தடத்திலேயே 1997 வரை நடைபெற்றது. பிற்காலத்தில் உலகையே ஆண்ட வாலண்டினோ ரோஸி, பதினேழு வயதுப் பையனாக முதல் உலகப் போட்டியில் இறங்கியது 1996ல் அங்கேதான். அன்று 125 சிசி பிரிவில் ஆறாவதாக வந்தார்.

1998ல் அந்தச் சுற்று பாசிர் கூடாங்குக்கு வந்தது. ஒரே ஒரு முறைதான் வந்தது. மறு வருஷம் செப்பாங் தடம் தயாரானதும் அங்கே போய்விட்டது. அந்த ஒரு முறையை நாங்கள் விடவில்லை. விடியுமுன்பே பத்து பாகாட்டிலிருந்து கிளம்பி, பஸ் மாறி மாறிப் போய், வெயிலில் நின்றோம். 500 சிசி பிரிவில் ஆஸ்திரேலியரான மிக் டூஹான் ஜெயித்தார். 1994லிருந்து தொடர்ந்து ஐந்து வருஷம் உலக வெற்றியாளர் ஆனவர் அவர். அவர் ஓட்டியது ஹோண்டா என்எஸ்ஆர் 500. டூ ஸ்ட்ரோக் இஞ்சின்கள் ஒரே சமயத்தில் அலறும்போது நெஞ்சுக்கூடு அதிரும். எரிந்த எண்ணெயின் வாடை சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். பிற்காலத்தில் அந்தப் பிரிவில் எல்லாமே ஃபோர் ஸ்ட்ரோக் ஆகிவிட்டன. அந்தச் சத்தத்தை இனிமேல் பந்தயத்தில் கேட்க முடியாது. இதையெல்லாம் நாங்கள் எத்தனை முறை சொல்லியிருப்போம் என்று கணக்கில்லை. அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன்தான் எங்கள் மருமகன்.

அவன் பார்த்து வைத்திருந்தது ஹோண்டா விஎஃப்ஆர் 750. இந்த வகை வண்டியை 'ஸ்போர்ட் டூரிங்' என்பார்கள். பந்தய வண்டியில் ஓட்டுகிறவர் வயிற்றில் படுத்தாற்போலக் குனிந்து கிடக்க வேண்டும். அரை மணி நேரத்தில் இடுப்பு போய்விடும். இந்த வண்டியில் வேகமும் உண்டு, நிமிர்ந்து உட்காரவும் முடியும். காற்றைத் தடுக்க முன்னால் கவசம், பின்னால் ஒருவர் உட்காரச் சரியான இருக்கை, சாமான் பெட்டி மாட்டவும் வசதி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து பாகாட்டில் பசியாறிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோலாலம்பூரில் இருக்கலாம். இறங்கும்போது முதுகு நம்முடையதாகவே இருக்கும்.

விஎஃப்ஆர் 750 வந்தது 1986ல். 'வி' எழுத்துப்போல விரிந்த நான்கு சிலிண்டர், ஏறக்குறைய நூறு குதிரைசக்தி. எடை இருநூறு கிலோவுக்கு மேல். நம் தோட்டத்தில் ஓடுகிற பழைய ஹோண்டா சி70ஐ இரண்டு மூன்று சேர்த்தால்தான் அந்த எடை வரும். 1997 வரை இதைச் செய்தார்கள். 1998ல் 800 சிசி வண்டி இதன் இடத்துக்கு வந்தது. நல்ல வண்டி. அதில் எங்களுக்கு ஐயமே இல்லை. ஆனால் நாங்கள் பார்க்கப் போனது 'நல்ல வண்டி' அல்ல. இருபது வருஷத்துக்கு மேலாகப் பல கை மாறிய ஒரு வண்டி. இந்த வித்தியாசத்தை மறக்கும் இடத்தில்தான் ஏமாற்றம் ஆரம்பிக்கிறது.

பட்டறையின் பெயர் வேண்டாம். பத்து பாகாட்டில் ஒரு பின்தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சிவப்பு நிறத்தில் பளபளவென்று நின்றது. கடைக்காரர் கெட்டிக்காரர். எங்கள் வயதைப் பார்த்ததுமே, "டூஹான் ஓட்டினாரே, அதே வி-ஃபோர் இஞ்சின்!" என்றார். எங்களுக்குப் பாசிர் கூடாங் வெயில் ஞாபகம் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், எங்களில் இளையவர் அந்த நிமிஷமே சட்டைப் பையில் கை வைத்துவிட்டார்.

கடைக்காரர் சொன்னது சரியா? சரியே இல்லை. டூஹான் ஓட்டியது டூ ஸ்ட்ரோக்; இது ஃபோர் ஸ்ட்ரோக். நான்கு சிலிண்டர் 'வி' வடிவத்தில் இருப்பது மட்டும்தான் இரண்டுக்கும் பொது. விஎஃப்ஆருக்குப் பந்தய உறவு இருக்கிறது, ஆனால் அது வேறு வழி உறவு. ஆர்சி30 என்று ஒரு பந்தய வண்டியை ஹோண்டா இதே குடும்பத்தில் செய்தது. அதில் ஏறி ஃபிரெட் மெர்க்கல் என்ற அமெரிக்கர் 1988லும் 1989லும் உலக சூப்பர்பைக் பட்டம் வென்றார். இந்த விவரம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், கடைக்காரர் சொன்னபோது தலையை ஆட்டிக்கொண்டு நின்றோம். பழைய நினைவு மனசில் கிளம்பிவிட்டால் தெரிந்ததும் தெரியாமல் போய்விடுகிறது.

காப்பாற்றியவர் எங்களில் மூத்தவர். தோட்டத்துப் பட்டறையில் டிராக்டரும் லாரியும் பார்த்தவர். அவர் பேச்சைக் காதில் வாங்காமல், போனதும் முதலில் இஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது. நாங்கள் வருவதற்குச் சற்று முன்பு யாரோ ஓடவிட்டிருக்கிறார்கள். நேயர்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியின் குறை தெரிவது ஆறிய இஞ்சினைக் கிளப்பும்போதுதான். நான்கு கார்புரேட்டர் உள்ள இந்த வண்டி மாதக்கணக்கில் சும்மா நின்றிருந்தால், உள்ளே பெட்ரோல் காய்ந்து பிசினாகிவிடும். ஆறிய நிலையில் இருமும், திணறும், அணையும். சூடாக்கி வைத்துவிட்டால் ஒன்றும் தெரியாது. மூத்தவர் சொன்னார்: "நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வருகிறோம், ஆறட்டும்." ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினோம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் சூடும் ஆறியிருந்தது என்பது தனி விஷயம்.

பிறகு அவர் பார்த்ததை அப்படியே சொல்கிறோம். பெட்ரோல் தொட்டியைத் திறந்து டார்ச் அடித்தார், உள்ளே துரு. பின் சக்கரத்தின் பற்சக்கரத்தில் பல்லெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கிபோல் ஆகியிருந்தது. சங்கிலியைப் பின்புறமாகப் பிடித்து இழுத்தால் பல்லை விட்டு விலகி வந்தது. அப்படியென்றால் சங்கிலியும் இரண்டு பற்சக்கரமும் மொத்தமாக மாற்ற வேண்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டு இருபத்து மூன்றாவது வாரம் செய்தது. இந்த வண்டியின் டயரில் பட்டை நன்றாகவே இருந்தது. ஆனால் வயது பத்துக்கு மேல். ரப்பர் விஷயம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்ந்த ரப்பர் ஈரச் சாலையைப் பிடிக்காது.

பிரேக் பிடியின் நுனி, கைப்பிடியின் ஓரம், கால்மிதியின் வெளிமுனை ஆகியவற்றை விரலால் தடவினார். மூன்றும் ஒரே பக்கத்தில் தேய்ந்திருந்தன. வண்டி ஒரு முறையாவது சறுக்கி விழுந்திருக்கிறது. முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தச் சொல்லிக் கைப்பிடியை மெல்லத் திருப்பினார். நடுவில் ஓரிடத்தில் தட்டி நின்றது. கழுத்து பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். கடைசியாக பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்துவிட்டு, இஞ்சினை வேகமாக ஓடச் செய்தார். பதின்மூன்றரைக்கும் பதினாலரைக்கும் நடுவே வோல்ட் காட்ட வேண்டும். பன்னிரண்டிலேயே நின்றது. அந்தக் காலத்து ஹோண்டா வண்டிகளில் மின்சாரத்தைச் சீர்படுத்தும் ரெகுலேட்டர் அடிக்கடி கெடுவது ஓட்டுபவர்களுக்குத் தெரிந்த விஷயம். ராத்திரியில் ஆயர் ஈத்தாம் சாலையில் விளக்கும் இஞ்சினும் சேர்ந்து அணைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவ்வளவும் பணத்தால் தீரக்கூடியவை. மூத்தவர் சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டார். மூவாயிரத்துச் சொச்சம் வந்தது. பதினாலாயிரம் என்று கடைக்காரர் சொன்ன விலை உண்மையில் பதினேழாயிரம். அவ்வளவுதான். விலையைக் குறைத்தால் வாங்கலாம் என்றே அப்போதும் நினைத்தோம்.

பணத்தால் தீராதது பிறகு வந்தது. 'கிராண்ட்' என்று நாம் சொல்லும் உரிமைப் பத்திரத்தைக் கேட்டோம். கொஞ்சம் தயங்கியபின் எடுத்துக் கொடுத்தார். பத்திரத்தில் இருந்தது வேறொருவர் பெயர். அவர் எங்கே என்று கேட்டால், இறந்து மூன்று வருஷம் ஆயிற்று என்கிறார்! இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டி, அவருடைய சொத்தில் ஒரு பகுதி. வாரிசுகள் முறைப்படி சொத்து நிர்வாகப் பத்திரம் பெற்று வராமல் அதை யாரும் விற்க முடியாது. பெயர் மாற்றவும் முடியாது. "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஓட்டுங்கள்" என்றார் கடைக்காரர். அப்படி எத்தனையோ பேர் ஓட்டுகிறார்கள் என்பதும் பொய்யல்ல.

மூத்தவர் வண்டியின் கழுத்தருகே குனிந்து, சட்டத்தில் பொறித்திருந்த எண்ணைப் பத்திரத்தோடு ஒப்பிட்டார். எண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றி அரம் போட்டுத் தேய்த்த தடமும், அதன்மேல் புதுச் சாயமும் இருந்தன. வரி கட்டாமல் உள்ளே வந்த பெரிய வண்டிக்கு, கணக்கில் உள்ள வேறொரு வண்டியின் எண்ணைப் போட்டு விற்கும் வழக்கம் நாட்டில் இருக்கிறது. 'குளோன்' வண்டி என்பார்கள். இந்த வண்டி அப்படித்தான் என்று நாங்கள் அடித்துச் சொல்லவில்லை. அப்படி இல்லை என்று கடைக்காரராலும் காட்ட முடியவில்லை. பிடிபட்டால் வண்டி போகும். கொடுத்த பணமும் போகும். பையன் போலீஸ் நிலையத்துக்கு நடக்க வேண்டும். அக்காளின் சங்கிலி அடகுக் கடையிலேயே கிடக்கும். நாங்கள் வந்த வழியே திரும்பினோம். பையன் யாரோடும் பேசவில்லை.

சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை. அக்காள் அன்று காலையிலேயே அதைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து, பட்டணத்துக்கு எங்களோடு வந்துவிட்டார். நாங்கள் வண்டி பார்க்கும்போது அவர் அடகுக் கடையின் ஐந்தடிப் பாதையில் நின்றிருந்தார். "பிள்ளை ஆசைப்படுகிறான்" என்ற ஒரே பேச்சு. தோட்டத்தில் செம்பனைப் பழம் பொறுக்கிச் சேர்த்துச் செய்த சங்கிலி அது. கடைசி நேரத்தில் பணம் குறைந்தால்தான் கழற்ற வேண்டும் என்று நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அது எங்கள் தவறு.

அன்று இரவு இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. பையனிடம் இருந்தது பி2 உரிமம். அது 250 சிசி வரைதான் செல்லும். இந்த வண்டிக்கு முழு பி உரிமம் எடுக்க வேண்டும். அது இல்லாமல் 750 சிசி வண்டியை ஓட்டினால் உரிமமே இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். விபத்து நேர்ந்தால் காப்புறுதியை நம்பவும் முடியாது. "பிறகு எடுத்துக்கொள்கிறேன் மாமா" என்றான். முதலில் உரிமம், பிறகு வண்டி என்று முடிவு செய்தோம். அதற்கு அவன் முணுமுணுத்ததை வானொலியில் சொல்ல முடியாது.

இந்த வரிசையில் ஒரு நன்மையும் இருந்தது. நூறு குதிரைசக்தி என்பது கப்சாய் ஓட்டிய கைக்கு அந்நியம். முறுக்கினால் கப்சாய் யோசித்துப் பார்த்துவிட்டுப் போகும், இது யோசிக்காது. பந்தயத் தடத்தில் எதிரே லாரி வருவதில்லை. நம் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வரும்; அதிலிருந்து உதிர்ந்த பழம் நசுங்கி எண்ணெயாய்க் கிடக்கும்; பின்னாலேயே மழையும் வரும். பயிற்சி நிலையத்தில் பெரிய வண்டியை மெதுவாக ஓட்டவும், திருப்பவும், நிறுத்தவும் அவனைப் படுத்தி எடுத்தார்கள். வேகமாக ஓட்ட யாரும் சொல்லித்தரவில்லை. அதுதான் சரி.

ஏழு மாதம் கழித்துக் குளுவாங்கில் ஒரு வண்டி கிடைத்தது. அதே விஎஃப்ஆர், நிறம் மட்டும் வாடிப்போன வெள்ளை. விற்றவர் ஓய்வுபெற்ற மனிதர், அதை இருபது வருஷம் ஓட்டியவர். மாற்றிய எண்ணெய், பிரேக் கட்டை, பேட்டரி எல்லாவற்றுக்கும் ரசீது வைத்திருந்தார், பிஸ்கட் டின் நிறைய. ரெகுலேட்டரை இரண்டு முறை மாற்றிய ரசீதும் அதில் இருந்தது. தன் வண்டியின் குறைகளை அவரே வரிசையாகச் சொன்னார். டூஹான் பெயரை எடுக்கவே இல்லை. இஞ்சின் ஆறிக் கிடந்தது. இரண்டாவது தட்டலில் கிளம்பியது. பத்திரம் அவர் பெயரில், கடன் நிறுவனத்தின் உரிமைக் குறிப்பு எதுவும் இல்லை. பழைய அபராதங்கள் இருக்கின்றனவா என்பதையும் சரிபார்த்துக்கொண்டோம். சாலைப் போக்குவரத்து இலாகாவில் இருவரும் பெருவிரல் ரேகை வைத்துப் பெயர் மாற்றிய பிறகுதான் முழுப்பணமும் கைமாறியது. விலை பதினோராயிரம். அதற்குள் பையன் மேலும் இரண்டாயிரம் சேர்த்திருந்தான். டயருக்குப் பணம் போதவில்லை. அதை நாங்கள் கொடுத்தோம். குற்றவாளிகள் கட்டவேண்டிய அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் அவன் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து, தலைக்கவசம் மாட்டிவிட்டு, பத்து பாகாட் ஆற்றங்கரை வரை போய் வந்தான். அக்காள் இறங்கி வந்து, "ஏன்டா இவ்வளவு உயரமாகச் செய்திருக்கிறான், ஏற ஒரு முக்காலி வேண்டும்" என்றார். மறுநாள் லயத்து வாசலில் ஒரு முக்காலி இருந்தது.